‘காணவில்லை’ என்று விளம்பரம் ஒட்டிய பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடை முகாம் மர்ம நாவல் போட்டியை அறிவித்திருக்கும் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

உங்கள் போட்டியின் மூன்றாவது விதியைத் திரும்பப் பெறுங்கள்; சுவரொட்டிகளை அகற்றுங்கள் என்று கேட்டு உங்களுக்கு இரண்டு முறை தனிப்பட எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: “இது முழுக்கக் கற்பனை, யாரையும் குறிப்பிடுவதல்ல.” அந்த வரியை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவரொட்டி. ஒரு சிறுவனின் மங்கலான கருப்பு வெள்ளைப் படம். மேலே பெரிய எழுத்தில் ‘காணவில்லை’. கீழே வயது, உயரம், கடைசியாக அணிந்திருந்த சட்டையின் நிறம். இவற்றுக்கும் கீழே, நான்கடி தள்ளி நின்றால் படிக்க முடியாத சிறிய எழுத்தில்: “கோடை முகாமிலிருந்து இவன் திரும்பவில்லை. குடும்பத்தில் யார் காரணம்?” மூலையில் உங்கள் சின்னம். இப்படிப்பட்ட அறிவிப்பு எதைக் கண்டாலும் நின்று முழுதாகப் படிப்பது என் வழக்கம். முகத்தை மனதில் பதித்துக்கொள்வேன், சட்டையின் நிறத்தை இரண்டு முறை சொல்லிப் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் நின்றேன். என் பக்கத்தில் ஒரு பெரியவர் கைபேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். “யார் பெற்ற பிள்ளையோ, நாலு பேருக்கு அனுப்பி வைப்போம்” என்றார். அது நாவல் விளம்பரம் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை உண்மையான அறிவிப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டால் நின்று படிப்பாரா?

இனி விதி. “குற்றவாளி, காணாமல் போன குழந்தையின் குடும்பத்துக்குள் இருந்தே வர வேண்டும். வெளியாள், விபத்து, இயற்கை ஆகியவை தீர்வாக ஏற்கப்படமாட்டா.” எழுத்தாளர்களுக்கான குறிப்புகளில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் 24 மணி நேரம் காவல்துறை புகாரை வாங்க மறுப்பதாக அமைத்தால் பரபரப்பு கூடும் என்று யோசனை சொல்லியிருக்கிறீர்கள்.

நான் மர்ம நாவல்களுக்கு எதிரி அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவற்றைப் படித்து வருகிறேன். உங்கள் வெளியீடுகள் என் அலமாரியில் இரண்டு தட்டுகளை நிறைத்திருக்கின்றன. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு உரிமை தருவது அது மட்டுமல்ல.

எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. இருவரும் ஒரே கோடை முகாமில் இருந்தோம். நான் சிறியவர்கள் கூடாரத்தில், அவன் ஏரிக்கரைக் கூடாரத்தில். பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு சித்தப்பாவும் வந்திருந்தார். வாசலருகே அப்பாவும் சித்தப்பாவும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டதை முகாமில் பாதிப் பேர் பார்த்தார்கள். பாட்டி விட்டுப்போன வீட்டைப் பற்றிய பேச்சு அது. கிளம்பும் முன் சித்தப்பா அண்ணனைத் தனியே அழைத்துக் குனிந்து காதில் ஏதோ சொன்னார். மறுநாள் இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க வந்த வழிகாட்டி, அண்ணன் படுக்கையில் இல்லை என்று கண்டார்.

குடும்பச் சண்டை, சொத்து, காதில் சொன்ன ரகசியம், மறுநாள் காணாமல் போன பையன். உங்கள் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமையுமா?

அந்த முகாமுக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். துப்பறியும் கதைகள் படித்த பழக்கத்தில் அன்றிரவே அதில் கோடு போட்டு மூன்று பத்திகள் பிரித்தேன்: பெயர், காரணம், சந்தர்ப்பம். கதைகளில் யார் மீது சந்தேகம் வர வேண்டும் என்பது எனக்கு அத்துபடி. முதல் வரியில் எழுதியது சித்தப்பாவின் பெயரை. விசாரிக்க வந்த அதிகாரி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து அன்பாகத்தான் கேட்டார். “சித்தப்பா அண்ணனிடம் ரகசியம் ஏதாவது சொன்னாரா, அம்மா?” ஆமாம் என்றேன். “யாரிடமும் சொல்லாதே என்று சொன்னாரா?” நான் ஐம்பதடி தள்ளி நின்றிருந்தேன், ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ஆமாம் என்றேன். பிறகு நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

சித்தப்பாவை வரவழைத்தார்கள். முகாம் அலுவலகத்தில், எல்லோரும் நிற்கும்போது, அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, எங்கே வைத்திருக்கிறீர்கள்? சொல்லிவிடுங்கள். வீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். சித்தப்பா எதுவும் பேசவில்லை. அம்மாவின் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அண்ணன் கிடைக்கும் வரை அந்த இடத்தைவிட்டு அவர் எழவில்லை. எழ விடவும் இல்லை.

அண்ணன் புதன்கிழமை காலையில் கிடைத்தான். காணாமல் போய் 38 மணி நேரம் ஆகியிருந்தது. நடைப் பாதையிலிருந்து சரிந்து விழும் ஓர் ஓடைப் பள்ளத்தில், கணுக்கால் வீங்கி, பாறைக்கு அடியில் முடங்கிக் கிடந்தான். முகாமிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. சித்தப்பா காதில் சொன்னது இதுதான்: தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்து, “அப்பா கோபம் தணியட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்; அதுவரை காட்டாதே.” மறுநாள் நடைப் பயணத்தில் வார் அறுந்து கடிகாரம் எங்கோ விழுந்துவிட்டது. இருட்டுவதற்குள் தேடி எடுத்துவிடலாம் என்று அவன் தனியாகத் திரும்பிப் போனான். போகும்போது கூடாரத் தோழனிடம், மாலை வருகை எடுக்கும்போது எனக்காக நீ குரல் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

தோழன் இரண்டு முறை “உள்ளேன்” என்றான். ஒரு முறை தனக்கு, ஒரு முறை அண்ணனுக்கு. வழிகாட்டி தலை நிமிராமல் சரி போட்டுக்கொண்டே போனார். அந்த வருகைத் தாளின் நகலை அப்பா கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தார், இப்போது என்னிடம் இருக்கிறது. மாலை ஏழு மணி, பதினான்காவது பெயர், நீல மையில் ஒரு சரிக்குறி. மற்ற குறிகளைவிட அதன் வால் சற்று நீளம், அடுத்த பெயரின் மீது ஏறி நிற்கிறது. வேகமாகப் போட்டது தெரிகிறது. அந்த ஒரு குறியால் மூன்று மணி நேரம் வெளிச்சமும் போயிற்று, தடமும் போயிற்று. குற்றவாளி யார் என்று என்னைக் கேட்டால் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். உங்கள் விதிப்படி என் கதை முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகும்.

சித்தப்பா அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா மூன்று கடிதம் எழுதினார். எனக்கும் அண்ணனுக்கும் பிறந்தநாள்தோறும் வாழ்த்து வந்தது, மிகுந்த மரியாதையோடு, இரண்டே வரியில். எனக்கு இருபத்தாறு வயதானபோது அவர் இறந்துபோனார். அந்த நோட்டைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேச எனக்குப் பதினேழு ஆண்டுகள் இருந்தன. பேசவில்லை. அண்ணன் இன்றுவரை கைக்கடிகாரம் கட்டுவதில்லை.

கற்பனைதானே என்கிறீர்கள். ஒன்பது வயதில் நான் போட்ட அந்த மூன்று பத்திகள் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? யாரை முதலில் சந்தேகிப்பது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது கதைதான். சிறுபிள்ளை விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு நாடே இப்படி யோசித்து ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 17 அன்று இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகே கூடாரமிட்டுத் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போனதாகக் குழந்தையின் தாய் லிண்டி சேம்பர்லைன் அந்த நொடியிலிருந்து சொன்னார். அதே முகாமிடத்தில் இருந்த மற்றவர்களின் சாட்சியமும் அவருக்கு ஆதரவாக இருந்தது. ஆனால் தொலைக்காட்சியில் அவர் அழவில்லை. ஒரு தாய் அழ வேண்டிய விதத்தில் அழவில்லை என்று மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். குழந்தையின் பெயருக்குக் ‘காட்டில் பலி’ என்று பொருள் எனப் பொய்யாக ஒரு வதந்தி பரவியது. கதை கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது இனித்திருக்க வேண்டும்.

1982-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குடும்பத்தின் காரில் இரத்தம் இருந்தது என்பது முக்கியமான சாட்சியம். அதில் இரத்தத் தெறிப்பு என்று காட்டப்பட்டது, கார் தயாரிக்கும்போது அடித்த ஒலித்தடுப்புப் பூச்சு என்று பின்னால் தெரிந்தது. 1986-இல் உலுருவில் தவறி விழுந்து இறந்த வேறொருவரின் உடலைத் தேடும்போது, டிங்கோக்கள் நடமாடும் பகுதியில் குழந்தையின் மேல்சட்டை கிடைத்தது. இல்லவே இல்லை, தாய் கட்டிய கதை என்று அரசுத் தரப்பு சொல்லி வந்த சட்டை அது. மூன்றாண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு லிண்டி வெளியே வந்தார். 1988-இல் தீர்ப்பு ரத்தானது. குழந்தையின் சாவுக்கு டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அந்தக் குடும்பத்தின் உண்மைக் கதையில் ‘வெளியாள், விபத்து, இயற்கை’ என்ற மூன்றில் மூன்றாவதுதான் தீர்வு. உங்கள் மேசையில் அது செல்லாது.

மர்மக் கதைக்கு விதிகள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்ட வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்றெல்லாம். அவை அனைத்தும் வாசகரை ஏமாற்றாமல் இருப்பதற்கான விதிகள். நேர்மையான ஆட்டம் என்று நாம் கொண்டாடுவது அதைத்தான். உங்கள் மூன்றாவது விதி அந்த ஆட்டத்தையே கெடுக்கிறது. குற்றவாளி குடும்பத்துக்குள் என்று அட்டையிலேயே சொல்லிவிட்டால் வாசகருக்கு மிஞ்சுவது எது? தந்தையா, மாமாவா, அத்தையா என்று விரல்விட்டு எண்ணுவது. அதில் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?

கோடை முகாம் என்ற களம் அதைவிட எவ்வளவோ கொடுக்கக்கூடியது. அங்கே பெற்றோர் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது நிரம்பிய வழிகாட்டிகள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பேற்கிறார்கள். அவர்களில் சிலரே இன்னும் பிள்ளைகள். குளிக்கும் இடத்தில் இருவர் இருவராகச் சேர்த்து, விசில் ஊதியதும் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்தச் சொல்வார்கள். ஒரு கை தனியாக நின்றால் ஏரி முழுவதும் நொடியில் அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இருட்டினால் டார்ச் வெளிச்சம், மூன்று நாளில் உயிர்த்தோழமை, ஒரே வாரத்தில் ஒருவனை ஒதுக்கிவைக்கும் கூட்டம், வீட்டில் சொல்லக் கூடாத ரகசியங்களை அந்நியப் பிள்ளைகளிடம் கொட்டிவிடும் பின்னிரவுகள். குடும்பத்தின் மர்மம் அங்கே அவிழத்தான் செய்யும். அதைத் துரத்திச் சென்று எழுத நாற்பது வழிகள் இருக்கின்றன. நீங்கள் முப்பத்தொன்பதை அடைத்துவிட்டீர்கள்.

முகாம்களில் நடந்த உண்மையான துயரங்களைக் கொஞ்சம் பாருங்கள். 1977 ஜூன் 13 அதிகாலை, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், மேயெஸ் வட்டாரத்துச் சிறுமியர் முகாம் ஒன்றில், வந்த முதல் இரவிலேயே எட்டு, ஒன்பது, பத்து வயதுச் சிறுமிகள் மூவர் கொல்லப்பட்டார்கள். சில வாரங்களுக்கு முன் வழிகாட்டிகளுக்கான பயிற்சியின்போது, கொலை மிரட்டலாக ஒரு கையெழுத்துச் சீட்டு அங்கே கிடைத்திருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் 1979-இல் விடுவிக்கப்பட்டார். அந்த முகாம் மறுபடி திறக்கப்படவே இல்லை. 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸில் குவாடலூப் ஆறு விடிவதற்குள் பொங்கி, கரையோரம் இருந்த ஒரே முகாமில் சிறுமிகளும் இளம் வழிகாட்டிகளுமாக 27 பேரைக் கொண்டுபோனது. வெள்ளம் பாயக்கூடிய இடங்களில் முகாம் அறைகள் இருக்கக் கூடாதென்று சில மாதங்களில் அந்த மாநிலம் சட்டம் போட்டது. எறியப்பட்ட சீட்டு, ஆற்றோரத்து அறை, தலை நிமிராமல் போட்ட சரிக்குறி. யார் எதைப் பார்த்தார், பார்த்தும் ஏன் விட்டார் என்று தோண்டிக்கொண்டு போனால் அதுவே எத்தனை நாவல்! அதை எழுதுகிறவருக்குப் போட்டியில் இடமில்லை என்கிறீர்கள்.

அந்த 24 மணி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை காணாமல் போனால் ஒரு நாள் கழித்துத்தான் புகார் கொடுக்க முடியும் என்று நம்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்றால் பதில் ஒன்றுதான்: ஏதோ ஒரு கதை. அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகள் பற்றிய புகாருக்குக் காத்திருப்பு நேரம் வைக்கக் கூடாதென்று 1990-லேயே சட்டம் வந்துவிட்டது. தேடுதல் குழுக்களில் இருக்கும் யாரைக் கேட்டாலும் முதல் சில மணி நேரம் எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் தடம் புதிது, மோப்ப நாய்க்கு வாசனை இருக்கிறது, குழந்தை வெகுதூரம் போயிருக்காது. எங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் போனது எங்களுக்குத் தெரியாமல் போனது. நீங்கள் 24 மணி நேரத்தைத் தெரிந்தே கொடுக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

அண்ணன் முதல் இரவே தேடுகிறவர்களின் குரலைக் கேட்டிருக்கிறான். அவன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். பதில் கொடுக்கவில்லை. கடிகாரம் கிடைக்கவில்லையே, திட்டுவார்களே என்று பாறைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டான். இதைப் பல ஆண்டுகள் யாரும் நம்பவில்லை. அவனை யாரோ மிரட்டி வைத்திருக்க வேண்டும் என்று உறவினர்கள் சித்தப்பாவைப் பார்த்தார்கள். 2005-இல் அமெரிக்காவின் யூட்டா மலைகளில், சாரணர் முகாமிலிருந்து தொலைந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் நான்காவது நாள் உயிரோடு கிடைத்தான். தேடி வந்தவர்களைக் கண்டு அவன் பாதையைவிட்டு ஒதுங்கி மறைந்திருக்கிறான். அந்நியரிடம் போகாதே என்று வீட்டில் சொல்லித் தந்ததை அவன் அப்படியே கடைப்பிடித்திருக்கிறான். அந்தச் செய்தியைப் படித்த அன்று அம்மா நாள் முழுதும் பேசவில்லை.

அதற்கு முன்பே, 1981-இல், கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் குடும்பத்தோடு முகாமிட்ட ஒன்பது வயதுச் சிறுவன் தொலைந்து, சில நாள் தேடலுக்குப் பின் சடலமாகக் கிடைத்தான். தேடியவர்கள் வீட்டுக்குப் போய் அழுததோடு விடவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று யோசித்து ஒரு பாடமாக்கினார்கள். தொலைந்துவிட்டாய் என்று தெரிந்ததும் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு. விசில் வைத்திரு. தேடுகிறவர் கண்ணில் படும்படி உன்னைப் பெரிதாகக் காட்டு. அதில் இன்னொரு வரி உண்டு, எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது: உன் அப்பா அம்மா உன்மேல் கோபப்பட மாட்டார்கள். அண்ணனுக்கு அந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் இரவே குரல் கொடுத்திருப்பான். பெற்றோருக்கும் அதில் ஒரு வேலை உண்டு. துண்டை விரித்து, மேலே ஓர் அலுமினியத் தாளைப் பரப்பி, காலணியோடு பிள்ளையை அதன்மீது ஏறி நிற்கச் சொல்ல வேண்டும். அடியின் வரிகள் தாளில் பதிந்துவிடும், தேடுகிறவர்களுக்கு எந்தத் தடம் நம் பிள்ளையுடையது என்று தெரியும். என் மகள் முதன்முதலாக முகாமுக்குக் கிளம்பிய அன்று அப்படி ஒரு தாள் எடுத்தேன். வெள்ளித் தாளில் அவள் வலது காலணியின் வளைவு வளைவான கோடுகளும், குதிகால் பக்கம் தேய்ந்துபோன ஓர் ஓரமும் தெளிவாக விழுந்திருந்தன. அவள் திரும்பி வரும் வரை அதை மடிக்காமல் மேசைமீது வைத்திருந்தேன்.

எங்கள் அண்ணன் திரும்பி வந்தான். திரும்பாத பிள்ளைகளின் வீடுகளை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தில் என் குரல் உயர்கிறது. வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த இழப்புக்கு 1970-களில் ஒரு தனிப் பெயரே வைத்தார்; தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். அழுது முடிக்கவும் முடியாது, நம்பி இருக்கவும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் ஒரு தாய் தெருவில் நடந்து போகும்போது உங்கள் சுவரொட்டியைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘குடும்பத்தில் யார் காரணம்?’ ஊர் தன்னை என்ன நினைக்கிறது என்று அவருக்கு ஏற்கனவே தெரியும். அதை நீங்கள் அச்சிட்டுக் கையில் கொடுக்கிறீர்கள்.

குடும்பத்துக்குள் குற்றமே நடப்பதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. நடக்கிறது, நாவல் அதை எழுதத்தான் வேண்டும், துணிந்து எழுத வேண்டும். ஆனால் எழுதத் தொடங்கும் முன்பே தீர்ப்பை விதியாக வைக்காதீர்கள்.

என் கோரிக்கைகள் இவை.

மூன்றாவது விதியை நீக்கி, விபத்தும் கவனக்குறைவும் இயற்கையும் தீர்வாக ஏற்கப்படும் என்று, முதல் அறிவிப்பை எந்த அளவில் வெளியிட்டீர்களோ அதே அளவில் அறிவியுங்கள். கையெழுத்துப் பிரதிகளுக்கான கடைசி நாளையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். இந்த விதியைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டவர்களுக்கு நேரம் வேண்டும்.

சுவரொட்டிகளை அகற்றுங்கள், கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் படத்துக்கு ‘இது நாவல் விளம்பரம்’ என்று மறுப்பு வெளியிடுங்கள். இனி எந்த நூலுக்கும் காணாமல் போனோர் அறிவிப்பின் வடிவத்தை விளம்பரமாகப் பயன்படுத்துவதில்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இதில் பாதி வேலையை ஏற்க மாட்டேன்.

24 மணி நேர யோசனையைக் குறிப்புகளிலிருந்து எடுங்கள். தேர்வாகும் நாவல்களை, தேடுதல் பணியில் அனுபவமுள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுத்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று எந்த அட்டையிலாவது போட நினைத்தால், அந்தக் குடும்பத்தின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் அந்த வரி வேண்டாம்.

வெற்றி பெறும் நாவலின் கடைசிப் பக்கத்தை எனக்குக் கொடுங்கள். ஒரே ஒரு பக்கம். பிள்ளையைக் காணவில்லை என்றால் உடனே புகார் கொடுங்கள், முகாமில் வருகை எடுப்பவர் குரலை மட்டும் கேட்காமல் முகத்தைப் பார்த்துக் குறி போடட்டும், தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில் என்றும் யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள் என்றும் பிள்ளையிடம் கிளம்பும் முன் சொல்லுங்கள், காலணித் தடத்தை எடுத்து வையுங்கள். இவ்வளவுதான் அதில் இருக்கும். எழுதித் தர நான் தயார், என் பெயர் போட வேண்டியதில்லை.

நேரில் பேச அழைத்தால் வருகிறேன். அந்த வருகைத் தாளின் நகலையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களின் நெடுநாள் வாசகி